சுவீடன் டிரில் ஹட்டனுக்கு வந்த வழி

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் புதிதாக நியமனம் கிடைத்து வந்திருக்கும் ஓர் உடற்கல்வி ஆசிரியத் தம்பி என்னிடம் கேட்டது இது: "சேர், நம்ம பாடசாலைகளில் காலையில் செய்கிற உடற்பயிற்சி சுவீடன் முறை என்று படித்தோம். ஆனால் சுவீடன்காரர் யாரும் இந்த மலைக்கு டிரில் சொல்லிக்கொடுக்க வந்ததாகத் தெரியவில்லையே. ஒரு நாட்டில் பிறந்த முறை இன்னொரு நாட்டுக்கு எப்படித்தான் போகிறது? நம்முடையது ஏதாவது வெளியே போயிருக்கிறதா?"

தம்பி, வரவில்லை என்பது சரிதான். முதலில் என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் படித்தது டிக்கோயா பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில், அறுபதுகளின் நடுவில். ஒரே கட்டிடம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. காலையில் தேவாரம் பாடி முடிந்ததும் வாத்தியார் எங்களை வாசலில் வரிசையாக நிறுத்தி, "இப்சு... பாம்!" என்று ஒரு சத்தம் போடுவார். எல்லாரும் சட்டென்று இரண்டு கைகளையும் இடுப்பில் வைப்போம். "நெக்கு... ரெஸ்ட்!" என்றால் கைகள் பிடரிக்குப் போகும். அது என்ன பாஷை என்று நாங்கள் கேட்டதில்லை. பாம் என்றால் வெடிகுண்டுதான் என்று என் பக்கத்தில் நிற்கும் பையன் சத்தியம் செய்வான். பிற்காலத்தில் நான் பயிற்சிக்குப் போனபோது பழைய ஆங்கிலக் கையேடு ஒன்றில் அந்தக் கட்டளையைக் கண்டேன்: "ஹிப்ஸ் ஃபேர்ம்". அதாவது இடுப்பை இறுக்கு. எந்த ஆங்கிலேயரும் வீட்டில் அப்படிப் பேசமாட்டார். சுவீடிஷ் கட்டளையை ஒட்டி ஆக்கிய ஆங்கிலம் அது. ஸ்டொக்ஹோமில் பிறந்த சொல் லண்டனில் பாஷை மாறி, கடல் தாண்டி வந்து, எங்கள் வாத்தியார் வாயில் வெடிகுண்டாகிவிட்டது. ஆனால் கை மட்டும் சரியாக இடுப்புக்குத்தான் போனது!

என் அனுபவத்தில் ஒரு பயிற்சி முறை நாடு விட்டு நாடு போகும்போது முதலில் வந்து சேர்வது அதன் சத்தம். பிறகு கை கால் அசைவு வரும். ஏன் அப்படி அசைக்கச் சொன்னார்கள் என்ற காரணம் கடைசி வண்டியில் வரும், பல ஊர்களுக்கு அது வருவதே இல்லை.

சுவீடன் முறை என்கிறோமே, அதுவே சுவீடனில் முளைத்தது அல்ல. 1793இல் குட்ஸ்மூத்ஸ் என்ற ஜேர்மன் ஆசிரியர் இளைஞர்களுக்கான உடற்பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்துச் சூடேறிய நக்டகல் என்ற டென்மார்க்காரர் 1799இல் கோப்பன்ஹேகனில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். அந்த நேரம் பெர் ஹென்ரிக் லிங் என்ற சுவீடன் இளைஞர் கோப்பன்ஹேகனுக்குப் போயிருந்தார். ஆள் கவிதைப் பித்து, பழைய வடநாட்டுக் கடவுள் கதைகளைப் பாடிக்கொண்டிருந்தவர். அங்கே வாள்வீச்சுப் பழகினார், நக்டகலின் கூடத்தையும் பார்த்தார். கையில் இருந்த வாதநோய் வாள்வீச்சுப் பழகப் பழகக் குறைந்ததாம். அசைவே மருந்து என்ற எண்ணம் அங்கே விழுந்தது. ஊர் திரும்பியவர் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சு ஆசிரியராக இருந்தார். 1809இல் சுவீடன் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்தது. தோற்ற நாட்டுக்கு உடம்பைப் பற்றிக் கவலை வரும். 1813இல் ஸ்டொக்ஹோமில் அரச உதவியோடு லிங்கின் நிறுவனம் தொடங்கியது.

லிங் உடற்பயிற்சியை நான்காகப் பிரித்தார்: கல்விக்கு ஒன்று, படைக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, அழகுக்கு ஒன்று. உடற்கூற்றியல் சொல்லும் காரணம் இல்லாமல் ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். இந்த அசைவு முதுகெலும்புக்கு, இது மூச்சுக்கு, இது தோள்பட்டைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். அவர் மகன் ஹியல்மார் லிங் அதைப் பாடசாலைக்கு ஏற்றபடி வரிசைப்படுத்தினார். சுவரில் ஏறும் மரச்சட்டங்கள், தாண்டும் பெட்டி எல்லாம் அந்த மரபில் வந்தவை.

அதே காலத்தில் பெர்லினில் இன்னொரு மனிதர் இருந்தார், ஃபிரீட்ரிக் லுட்விக் யான். 1811இல் ஹாசன்ஹைடே என்ற இடத்தில் திறந்த மைதானம் ஒன்றில் கம்பிகள், தொங்கு கயிறுகள், சமாந்தரச் சட்டங்கள் எல்லாம் நட்டு இளைஞர்களைத் தாவவும் தொங்கவும் விட்டார். நெப்போலியன் கையில் அடிபட்டிருந்த நாடு, பையன்களுக்கு உடம்போடு அரசியலும் ஏறியது. அரசுக்குப் பயம் வந்தது. யானைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், 1820 முதல் 1842 வரை பிரஷ்யாவில் அந்தப் பயிற்சிக்கே தடை. (யான் என்பது மனிதர் பெயர், யானையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

தடை போட்டால் முறை செத்துவிடும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. தப்பி ஓடியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெக், ஃபோலன், லீபர் என்ற மூவர் அமெரிக்கா சேர்ந்து 1825க்கும் 1827க்கும் இடையில் மசச்சூசெட்ஸில் பயிற்சிக் களங்களை உருவாக்கினார்கள். 1848 புரட்சி தோற்றதும் இன்னும் பெருங்கூட்டம் போனது. ஜேர்மன் குடியேறிகள் இருந்த ஊரெல்லாம் சங்கம், கொடி, பாட்டு, பீர், நடுவில் கம்பி. அது முழு வாழ்க்கையாகப் பெயர்ந்து போன முறை. நம் ஆட்கள் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வரும்போது மாரியம்மனையும் காமன் கூத்தையும் தப்பு மேளத்தையும் கொண்டுவந்தார்களே, அந்த மாதிரி. யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை, ஆட்கள் வந்தார்கள், அவர்களோடு அதுவும் வந்தது.

லிங்கின் முறை அப்படிப் போகவில்லை. அது அலுவலகம் வழியாகப் போனது. நமக்கு அதுதான் முக்கியம்.

லண்டன் பாடசாலைச் சபைக்குப் பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது. முதலில் கொன்கோர்டியா லோவ்விங் என்ற சுவீடன் பெண்மணியை அழைத்தார்கள். அவருக்குப் பின் வந்தவர் மார்ட்டினா பெர்க்மன். 1881இல் ஸ்டொக்ஹோம் நிறுவனத்தில் படிப்பை முடித்த கையோடு லண்டன் வந்தார். கெட்டிக்காரி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளோடு நின்றுவிடும், ஆசிரியைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நாடு முழுக்கப் போகும் என்று கண்டுகொண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியைகளைப் பழக்கினார். 1885இல் ஹாம்ப்ஸ்டெட்டில் சொந்தக் கல்லூரி, 1895இல் அது டார்ட்ஃபோர்டுக்கு இடம் மாறியது. அங்கே படித்தவர்கள் வேறு கல்லூரிகள் திறந்தார்கள். ஒரு சட்டியில் உறைமோர் விட்ட மாதிரித்தான்.

இந்தக் கல்லூரி வழியாக நமக்கு வந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் கண்டுபிடித்த கூடைப்பந்து, பெர்க்மனின் மாணவிகள் கையில் வந்து, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது போய், மைதானம் பிரிவுகளாகி, வலைப்பந்தாகிவிட்டது. இன்று நம் பெண்பிள்ளைகள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடும் அதே வலைப்பந்து. இலங்கை ஆசியாவில் பலமுறை முதலிடம் வந்த விளையாட்டு, நம் வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் பெயர் வாங்கிய விளையாட்டு. அமெரிக்க ஆட்டம், சுவீடன் அம்மையாரின் கல்லூரி, இங்கிலாந்து விதிப்புத்தகம், இலங்கைப் பிள்ளைகளின் கை. இதில் எந்த நாட்டு முறை என்று யார் பெயர் போடுவது?

சரி, டிரிலுக்கு வருவோம். இங்கிலாந்து சுவீடன் முறையை நாடு முழுக்க எடுத்துக்கொண்டதற்கு லிங்கின் தத்துவம் காரணம் என்று நான் நம்பவில்லை. கம்பி வேண்டாம், கயிறு வேண்டாம், கூடம் வேண்டாம். ஒரு முற்றமும் சத்தமான குரல் உள்ள ஓர் ஆளும் போதும், அறுபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் அசைக்கலாம். காசு பார்க்கிற எந்தக் கல்விச் சபைக்கும் இது பிடிக்கும். அப்புறம் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் வந்தது, டச்சு வம்சத்துப் போயர்களோடு பிரிட்டன் போட்ட சண்டை. படையில் சேர வந்த நகரத்து இளைஞர்களில் ஏராளமானோர் உடம்பு தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏகாதிபத்தியத்துக்கு வயிறு கலங்கியது. 1902இல் அவசரமாக ஒரு பயிற்சித் திட்டம் வெளியிட்டார்கள், அது சிப்பாய்க் கவாத்தைப் பிள்ளைகளுக்குக் குறைத்துக் கொடுத்தது மாதிரி இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. 1904இல் மாற்றினார்கள். 1909இல் வந்த பாடத்திட்டம் வெளிப்படையாகச் சுவீடன் முறை. 1919இலும் 1933இலும் புதுப்பித்தார்கள். கடைசியில் சொன்ன 1933 புத்தகம்தான் பிரிட்டிஷ் கொடி பறந்த இடமெல்லாம் போனது.

இதில் நம் மலைக்கு ஒரு விசித்திரமான தொடர்பு இருக்கிறது. அதே போயர் யுத்தத்தில் பிடிபட்ட ஏறக்குறைய 5000 கைதிகளை 1900இல் கொண்டுவந்து வைத்த இடம் தியத்தலாவை. தன் பையன்கள் சோனிகளாகிவிட்டார்கள் என்று லண்டனுக்குக் கவலை வரக் காரணமான யுத்தத்தின் கைதிகள் ஊவா மலையில் பனியில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த முகாம் பிறகு இராணுவப் பயிற்சிக்கு நிலைத்த இடமாகியது. பாடசாலை கடேற் பையன்களும் அங்கே முகாமுக்குப் போனார்கள். அதே 1900இல் தோட்டத் துரைமார் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு துப்பாக்கிப் படையும் அமைத்தார்கள். ஆக, லயத்துப் பிள்ளைக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டுப் பிள்ளைக்கு, டிரில் வருவதற்கு முன்பே துரைக்கு டிரில் தெரியும்.

பிள்ளைக்குத் தெரியாது, ஆனால் அப்பனுக்குத் தெரியும் என்றும் சொல்லலாம். விடியுமுன் கொம்பு ஊதி, ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். பரேட் என்ற ஆங்கிலச் சொல்தான் பெரட்டு ஆனது என்பார்கள். இன்னொரு சொல்லையும் பாருங்கள்: கவாத்து. தமிழ்நாட்டில் பழைய ஆட்களுக்குக் கவாத்து என்றால் சிப்பாய்களின் அணிப்பயிற்சி. நம் தோட்டத்தில் கவ்வாத்து என்றால் கத்தியால் தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுவது. படைப் பயிற்சிக்கு உரிய சொல்லும் வரிசைக்கு உரிய சொல்லும் இந்த மலையில் ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. பள்ளிக்கூட டிரில் வந்தபோது அது புது விருந்தாளியாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். வரிசையில் நில், குரல் கேட்டதும் அசை. இதில் புதிதாக என்ன இருக்கிறது?

தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதே பெரிய போராட்டம். 1907இல் வந்த சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்தின் தலையில் போட்டது. பல தோட்டங்களில் அது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையாகவே இருந்தது. மைதானம் ஏது? தட்டையான நிலம் கிடைத்தால் அதில் தொழிற்சாலை கட்டுவார்கள், இல்லை துரை பங்களாவின் புல்வெளி போடுவார்கள். மீதி இடமெல்லாம் தேயிலை. ஆகவே நகரத்து மிஷன் பாடசாலைகளுக்கும் கண்டி, நுவரெலியாவின் பெரிய கல்லூரிகளுக்கும் டிரில் முறையாக வந்து பல காலம் கழித்துத்தான் லயத்துப் பக்கம் வந்தது. அதுவும் எப்படியென்றால், ஏதோ ஒரு வாத்தியாருக்கு அது தெரிந்திருந்தால் வரும், தெரியாவிட்டால் இல்லை.

எங்கள் வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர் தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்தவர். இது நமக்கே உரிய பாதை. ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். சைதாப்பேட்டைக் கல்லூரி என்று பழைய ஆட்கள் சொல்வது அதைத்தான். ஆசியாவிலேயே பழமையான உடற்கல்விக் கல்லூரிகளில் ஒன்று, இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போய்ப் படித்து வந்தார்கள். பக் ஒரே முறையைப் பிடித்துத் தொங்கியவர் அல்ல. சுவீடன் கைகால் பயிற்சி, ஜேர்மன் கம்பி, அமெரிக்க விளையாட்டு, இந்தியத் தேகப்பயிற்சி எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது. எங்கள் வாத்தியார் அந்தக் கல்லூரிக்குப் போனவர் அல்ல. அங்கே படித்தவர் ஒருவரிடம் படித்த யாரிடமோ படித்திருப்பார். கை மாறி, கை மாறித்தான் ஹிப்ஸ் ஃபேர்ம் இப்சு பாம் ஆனது.

கட்டளையைப் பற்றி ஒரு சின்ன விஷயம், ஆசிரியர் என்ற முறையில் உங்களுக்கு உதவும். சுவீடன் கட்டளைக்கு இரண்டு துண்டு. முதல் துண்டு எதை என்று சொல்லும், அப்புறம் ஓர் இடைவெளி, இரண்டாவது துண்டு செய் என்று சொல்லும். அந்த இடைவெளியில்தான் பிள்ளையின் மூளை வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வருவது வழக்கம், அதனால்தான் அவர்களுக்கு வாக்கியத்தைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது, அந்த விசித்திர ஆங்கிலம் பிறந்தது. நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. தமிழில் வினை கடைசியில்தான் வரும். "வலப்பக்கம்... திரும்பு!", "கைகளை இடுப்பில்... வை!" சிங்களத்திலும் அதே ஒழுங்கு. லிங்குக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் இப்போது நிறையப் பேர் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் கத்துகிறார்கள். அப்படிக் கத்தினால் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத்தான் செய்யும்.

இனி நிலம். ஒரு பயிற்சி முறை வந்து இறங்கும் இடத்தின் தரையும் அதைத் திருத்தி எழுதுகிறது. எண்பதுகளில் நான் வேலை பார்த்த பாடசாலையில் மைதானம் என்று சொல்லப்பட்டது ஒரு சரிவு. மேல் ஓரத்திலிருந்து பந்து உருண்டால் கீழே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில்தான் போய் எடுக்க வேண்டும். காலையில் புல்லெல்லாம் ஈரம், இரத்தம் குடிக்கும் அட்டை. தரையில் படுத்துச் செய்யும் பயிற்சி அனைத்தையும் நான் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன், யாரையும் கேட்கவில்லை. தாண்டும் பெட்டி கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. கடைசியில் தோட்டத்து ஆசாரி ஒருவர் மூன்று பழைய தேயிலைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணியடித்துக் கொடுத்தார். மேலே வைக்கோல் அடைத்த ஒரு சாக்கு. பார்த்தால் சுவீடன் பெட்டி மாதிரியே இருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் நாளே ஒரு பையன் தாண்டும்போது பெட்டி ஓரத்துத் தகரம் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தேயிலைப் பெட்டியின் விளிம்பில் தகரப் பட்டை அடித்திருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும், யோசிக்கவில்லை. அவன் அம்மா மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஓடிவந்தார். திட்டவில்லை. "ஏன் சேர், இதத் தாண்டினா பிள்ளைக்கு என்ன கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்டியின் உயரம் என்ன, ஓடிவரும் தூரம் என்ன, கை எங்கே ஊன்ற வேண்டும் என்பதெல்லாம் தெரியும். லிங் போட்ட கணக்கு, அந்தக் காரணம், என்னிடம் வந்து சேரவில்லை. அன்று இரவுதான் உடற்கூற்றியல் பாடக்குறிப்புகளைத் தேடி எடுத்தேன். தகரத்தின் மேல் சாக்கு வைத்துத் தைத்து, அந்தப் பெட்டியை இன்னும் ஆறு வருடம் பாவித்தோம்.

காரணம் வராமல் அசைவு மட்டும் வந்தால் அது உறைந்துவிடும். சுவீடனிலேயே உறைந்தது, பொம்மை மாதிரி நிறுத்தி நிறுத்திச் செய்கிறார்கள் என்று பழி வந்தது. அதை உடைத்தவர்கள் பக்கத்து நாட்டுக்காரர்கள். 1880களில் டென்மார்க் விவசாயிகளின் மக்கள் கல்லூரிகள் தங்கள் அரசின் இராணுவ டிரிலுக்கு எதிராகச் சுவீடன் முறையை எடுத்துக்கொண்டன. அவர்களுக்கு அது விடுதலையின் அடையாளமாக இருந்தது! கோப்பன்ஹேகனில் லிங் பார்த்துவிட்டுப் போனது, எண்பது வருடம் கழித்து வேறு முகத்தோடு அதே நாட்டுக்குத் திரும்பியது. அங்கிருந்து நீல்ஸ் புக் என்பவர் கிளம்பினார். 1920இல் ஒல்லரப்பில் ஒரு பயிற்சிக் கல்லூரி திறந்து, நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும், இழுத்து வளைக்கும் ஒரு முறையை உருவாக்கினார். குழுவோடு உலகம் சுற்றினார், 1931இல் ஜப்பானுக்கே போனார். புத்தகம் செய்யாததை ஒரு மேடைக் காட்சி செய்துவிடும். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் முயன்று பார்ப்பார்கள். (ஹிட்லர் ஆட்சியை மெச்சிப் பேசியதால் அவர் பெயர் பின்னால் கெட்டது.)

ஜப்பான் கதையும் சுவாரசியமானது. சுவீடன் முறையை அங்கே முறையாகக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் இனொகுச்சி அகுரி என்ற பெண். அவர் அதைப் படித்தது சுவீடனில் அல்ல, அமெரிக்காவின் பொஸ்டன் பக்கம். 1903இல் திரும்பி வந்து சொல்லிக்கொடுத்தார். 1928இல் அங்கே தொடங்கிய வானொலி உடற்பயிற்சிக்கு வித்து, ஓர் அமெரிக்க ஆயுள் காப்புறுதிக் கம்பெனி நடத்திய வானொலி நிகழ்ச்சி. ஆட்கள் சீக்கிரம் சாகாமல் இருந்தால் கம்பெனிக்கு லாபம், அவ்வளவுதான். ஜப்பானில் அதை எடுத்து நடத்தியதும் தபால் திணைக்களத்துக் காப்புறுதிப் பிரிவு.

இப்போது நம் பாடசாலைகளில் யோகா சேர்த்திருக்கிறார்கள். டிரில் வெள்ளைக்காரனுடையது, யோகா நம்முடையது என்று கூட்டத்தில் ஒருவர் முழங்கினார், நானும் கைதட்டினேன். ஆனால் இன்று நின்று, வளைந்து, குதித்து, மூச்சோடு சேர்த்துத் தொடர்ச்சியாகச் செய்யும் யோகாவில் 1920, 30களில் இந்தியாவில் புழங்கிய ஐரோப்பிய உடற்பயிற்சியின் கலப்பு உண்டு, புக்கின் முறைக்கும் அதில் பங்கு உண்டு என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். வை.எம்.சி.ஏ. வட்டாரத்தில் அந்த முறை நன்றாகப் பரவியிருந்ததை அவர்கள் காட்டுகிறார்கள். எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. தியானமும் மூச்சுப் பயிற்சியும் எத்தனையோ ஆசனங்களும் புக் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முந்தியவை. ஆனால் உடம்பு கஸ்டம்ஸ் சோதனைக்கு நிற்காது, பார்த்ததை எல்லாம் எடுத்துக்கொள்ளும் என்பதை உடற்கல்வி ஆசிரியர் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கிலாந்து 1950களில் டிரில் புத்தகத்தைக் கைவிட்டது. ஜேர்மனியிலிருந்து அகதியாக வந்த லாபான் என்ற நடன ஆசிரியரின் அசைவுக் கலை அங்கே செல்வாக்குப் பெற்று, கட்டளை போய், பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்ற காலம் வந்தது. நாம் விடவில்லை. பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் அணிநடை முடிந்ததும் வெள்ளை உடையில் நானூறு பிள்ளைகள் ஒரே அசைவாகச் செய்யும் உடற்பயிற்சிக் கண்காட்சியைப் பாருங்கள், அதன் எலும்பு பழைய சுவீடன் டிரில்தான். இதைக் காலனித்துவ மிச்சம் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை. லயத்தில் ஆறு பேர் ஓர் அறையில் படுக்கும் பிள்ளைக்கு, கையை முழுசாக நீட்டினாலும் யார் மேலும் படாத ஓர் இடம் அந்த ஒரு நாளாவது கிடைக்கிறது.

சுவீடன்காரர் வரவே இல்லை என்றீர்களே, அதில் ஒரு திருத்தம். வந்தார்கள், டிரிலோடு அல்ல. தோட்டப் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, எண்பதுகளில் சீடா என்ற சுவீடன் அரசு உதவி நிறுவனம் மலையகப் பாடசாலைகளுக்குக் கைகொடுத்தது. பல இடங்களில் இன்றும் சீடா கட்டிடம் என்றுதான் சொல்கிறோம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜேர்மன் உதவியோடு எழுந்தது. லிங்கின் நாடு கட்டிய வகுப்பறைக்கு முன்னால், யானின் நாட்டு உதவியில் எழுந்த கல்லூரியில் படித்த ஆசிரியர், லண்டன் வழியாக வந்த கட்டளையைத் தமிழில் சொல்கிறார். வந்த சுவீடன் அதிகாரிகளில் எவராவது காலைக்கூட்டத்தை நின்று பார்த்து, இது எங்கள் தாத்தா காலத்து டிரில் ஆச்சே என்று நினைத்திருப்பார்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கடைசியாக நம்முடையது ஏதாவது வெளியே போனதா என்று கேட்டீர்கள். போனது, கர்லாக்கட்டை. நம் பயில்வான்கள் தலைக்குப் பின்னால் சுழற்றும் அந்தக் கனத்த மரக்கட்டையை இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்த்துப் பழகினார்கள். இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1834இலேயே அங்கே அச்சான உடற்பயிற்சிப் புத்தகத்தில் அது இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கென்று இலேசான கட்டைகள் செய்தார்கள். அமெரிக்காவுக்குப் போனது. 1904இலும் 1932இலும் ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது. 1932இல் தங்கம் வென்ற அமெரிக்கர் வேலையில்லாத மனிதர், பதக்கத்தோடு தெருவில் வாகனம் மறித்து வீடு போனார் என்பார்கள். இன்று பெண்களின் தாளச் சீருடற்பயிற்சியில் சுழற்றும் இரண்டு மெல்லிய கட்டைகளும் அந்த வம்சம்தான்.

அது இங்கேயும் திரும்பி வந்தது. நான் வேலை பார்த்த நகரப் பாடசாலை ஒன்றின் களஞ்சிய அறையில், பழைய கொடிகளுக்கும் உடைந்த தடை ஓட்டச் சட்டங்களுக்கும் அடியில், போத்தல் வடிவத்தில் இரண்டு டசின் மரக்கட்டைகள் கிடந்தன. பொருட்பதிவேட்டில் இண்டியன் கிளப் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வெள்ளைக்காரர் காலத்து டிரில் சாமான். தூசி தட்டி, வருட இறுதிக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைப் பழக்கினேன். ஒருநாள் மாலை பேத்தியைக் கூட்டிப்போக ஒரு பெரியவர் வந்தார். எண்பது வயதிருக்கும், தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. அந்தக் காலத்தில் திருவிழாவில் சிலம்பம் ஆடியவர் என்று பிறகு சொன்னார்கள். பேத்தி கையிலிருந்த கட்டையை வாங்கிப் பார்த்தார். தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"நம்ம கர்லாக்கட்டைதான் சேர்," என்றார். "இம்புட்டுச் சிறுசா எவன் செதுக்கினது?"